கீசர் பழுதானால்: யாரை அழைப்பது, எவ்வளவு கொடுப்பது, எதைக் கேட்டு வாங்குவது

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை, எங்கள் கீசரின் விளக்கு எரிந்தது. தண்ணீர் மட்டும் சுடவில்லை. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், பிள்ளைக்குப் பள்ளி, எனக்கு எட்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அவசரத்தில் இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்ட எண்ணுக்குப் போன் செய்தேன். ஒருவர் வந்தார், அரை மணி நேரத்தில் தண்ணீரைச் சூடாக்கும் காயிலை மாற்றினார், 2,850 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பில் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கீசர் வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. காயிலுக்கு நான்கு வருட வாரண்டி இருந்தது. அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த அட்டையை எடுத்துப் பார்த்திருந்தால் பெரும்பாலும் இலவசமாக முடிந்திருக்கும் வேலை அது. இரண்டு மாதம் கழித்துக் கீசர் மறுபடியும் படுத்தது. அந்தக் கதை கீழே வருகிறது. இதைப் படிப்பவர்களாவது அந்தப் பணத்தை மிச்சப்படுத்தட்டும்.

நான் சொல்வது சென்னையின் தென்பகுதியில், போர்வெல் தண்ணீர் வரும் அடுக்குமாடி வீட்டில், 15 லிட்டர் மின்சாரக் கீசரை வைத்துக்கொண்டு பட்ட பாடு. கேஸ் கீசருக்கும் சோலாருக்கும் இது பொருந்தாது.

1. சுவிட்சை அல்ல, எம்.சி.பி.யை அணையுங்கள்

குளியலறைச் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் கீசரில் மின்சாரம் இருக்கும். மெயின் பெட்டியில் கீசருக்கான எம்.சி.பி.யை (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) கீழே தள்ளிவிட்டுத்தான் மற்ற வேலை.

எம்.சி.பி.யோ, அதற்கு மேலே உள்ள ஆர்.சி.சி.பி.யோ (மின்சாரம் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச், நம் எலக்ட்ரீஷியன்கள் இ.எல்.சி.பி. என்பார்கள்) தானாகவே விழுந்திருந்தால் ஒரே ஒரு முறை தூக்கிப் பாருங்கள். உடனே மறுபடியும் விழுந்தால் காயிலில் இருந்து மின்சாரம் கசிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்ப்பது தைரியம் அல்ல. குழாயைத் தொட்டால் லேசாக விறுவிறு என்கிறது என்று யாராவது சொன்னால், அன்று அந்தக் குளியலறையைப் பூட்டிவிடுங்கள். எர்த் சரியில்லாத வீடு என்றால் கீசரைப் பழுது பார்ப்பதற்கு முன் எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

2. மெக்கானிக் வருவதற்கு முன் நோய்க்குறியைப் படியுங்கள்

என்ன பழுது என்று உங்களுக்கு ஓரளவு தெரிந்திருந்தால் பில் பாதியாகும். இது மிகைப்படுத்தல் அல்ல. எதுவும் தெரியாதவரிடம்தான் ‘காயில், தெர்மோஸ்டாட் எல்லாமே போய்விட்டது சார்’ என்பார்கள். (தண்ணீர் போதுமான அளவு சூடானதும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட்.)

விளக்கு எரிகிறது, எவ்வளவு நேரமானாலும் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்கிறது: பெரும்பாலும் காயில் அறுந்திருக்கும். கடையில் இதை எலிமென்ட் என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான்.

விளக்கே எரியவில்லை: காயிலின் மேல் பழி போடாதீர்கள். முதலில் பிளக், சாக்கெட். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். சாக்கெட் கருகியிருந்தால் கீசர் நன்றாகவே இருக்கலாம். சாக்கெட் சரி என்றால் அடுத்தது கட்அவுட். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு பாதுகாப்புப் பாகம் அது. பல மாடல்களில் கீழ்மூடியைத் திறந்தால் ஒரு சின்னப் பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் உயிர் வந்துவிடும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அதற்கே ‘தெர்மோஸ்டாட் மாற்றினேன்’ என்று பில் போடுபவர்கள் உண்டு. அதே சமயம், கட்அவுட் ஏன் விழுந்தது என்றும் கேட்க வேண்டும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது காயில் மேல் உப்பு கனமாகப் படிந்திருக்கும்.

சூடாக நேரமாகிறது: கடிகாரம் வைத்துப் பாருங்கள். 28 டிகிரித் தண்ணீர் 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர, 2,000 வாட் காயிலுக்கு 17, 18 நிமிடம் போதும். அரை மணி நேரம் ஆகிறது என்றால் வோல்டேஜைச் சந்தேகப்படுங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் அந்தக் காயில் 1,225 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். காலை ஆறு மணிக்கு மெதுவாகவும் மதியம் வேகமாகவும் சூடானால் கீசர் மேல் குற்றமில்லை.

கொதிக்கும்போது கரகர என்று சத்தம்: உப்பு.

கசிவுதான் பணம் பிடுங்கும் இடம், ஆகவே நிதானமாகப் பாருங்கள். கீசருக்கு அடியில், தண்ணீர் உள்ளே போகும் பக்கம், ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். சூடாகும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவது பழுது அல்ல. 15 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட 190 மில்லி விரிகிறது, ஒரு டம்ளர் அளவு. அது வெளியேற வழி வேண்டும். கீசர் அணைந்திருக்கும்போதும் ஓயாமல் வடிந்தால் மட்டுமே வால்வைப் பார்க்க வேண்டும். அடுத்து இணைப்புக் குழாய்களின் மரை. அதற்கும் அடுத்து, காயிலைத் தொட்டியோடு சேர்க்கும் தட்டின் ரப்பர் வாஷர், அதாவது கேஸ்கெட். கடைசியாகத்தான் தொட்டி ஓட்டை.

கேஸ்கெட் கசிந்தாலும் தொட்டி ஓட்டையானாலும் தண்ணீர் வெளிமூடியின் அடியிலிருந்து ஒரே மாதிரிதான் சொட்டும். வெளியிலிருந்து பார்த்துவிட்டு ‘டேங்க் போய்விட்டது, புதிது வாங்குங்கள்’ என்று தீர்ப்புச் சொல்பவரை நம்பாதீர்கள். கீழ்மூடியைக் கழற்றி, எங்கிருந்து வருகிறது என்று டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

3. அலமாரியைத் திறந்து காகிதங்களை எடுங்கள்

வேண்டியவை மூன்று: வாங்கிய பில், வாரண்டி அட்டை, கீசரின் உடம்பில் ஒட்டியிருக்கும் சீரியல் எண். ஸ்டிக்கர் பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும். ஏணி போட்டு ஏற வேண்டாம், செல்போனை நீட்டிப் படம் எடுத்தால் போதும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் பில் உங்கள் மின்னஞ்சலிலோ அந்தச் செயலியின் பழைய ஆர்டர்களிலோ இருக்கும். கடையில் வாங்கிய பில் வெளுத்துப் போயிருந்தால், கடைக்காரர் உங்கள் செல்போன் எண்ணை வைத்துப் பெரும்பாலும் நகல் எடுத்துத் தருவார்.

வாரண்டி ஒன்றல்ல, மூன்று. முழுக் கீசருக்கு ஒரு காலம், காயிலுக்கு அதைவிட நீண்ட காலம், தொட்டிக்கு அதைவிடவும் நீண்ட காலம். என்னுடையதில் முறையே 2, 4, 7 வருடங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ‘இரண்டு வருடம் முடிந்துவிட்டது’ என்று கைகழுவிவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

பொடி எழுத்தையும் படியுங்கள். பல அட்டைகளில் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஒரு வரம்பு, சேஃப்டி வால்வு கட்டாயம் என்ற நிபந்தனை, வெளியாள் திறந்தால் வாரண்டி போய்விடும் என்ற நிபந்தனை எல்லாம் இருக்கும். பொருள் இலவசமானாலும் வந்து பார்க்கும் கட்டணம் உண்டா என்பதும் அங்கேதான் இருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை தொடர்பான 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தில், வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை எவை, குடியிருப்பவர் செய்ய வேண்டியவை எவை என்று ஓர் அட்டவணை இருக்கிறது. கீசர் பழுது குடியிருப்பவர் பக்கம் வருகிறது. பழைய கீசர் உள்ள வீட்டுக்குக் குடிபோகிறீர்கள் என்றால், அதை யார் பார்ப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

4. யாரை அழைப்பது

வாரண்டி மிச்சமிருந்தால் கம்பெனி சர்வீஸ் மட்டுமே. அதன் எண்ணை வாரண்டி அட்டையிலிருந்தோ கீசரில் உள்ள ஸ்டிக்கரிலிருந்தோ எடுங்கள். தேடுபொறியில் ‘கஸ்டமர் கேர்’ என்று முதலில் வருவது நிறுவனத்துடையதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சில எண்களில் வெறும் உள்ளூர் ஆட்கள் இருப்பார்கள். சிலவற்றில் திருடர்களே இருப்பார்கள். ‘பதிவுக்கு 10 ரூபாய் இந்த லிங்கில் செலுத்துங்கள்’, ‘இந்தச் செயலியை இறக்குங்கள்’ என்று சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

புகார் பதியும்போது கேட்க வேண்டியவை: வந்து பார்க்க எவ்வளவு, வேலை செய்தால் அந்தத் தொகை பில்லில் கழியுமா, ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா. 18 சதவீத ஜி.எஸ்.டி. கடைசியில் வந்து உட்காரும்போதுதான் பலருக்குக் கோபம் வருகிறது. புகார் எண் குறுஞ்செய்தியாக வரும், அழிக்காதீர்கள்.

வாரண்டி எல்லாம் முடிந்த கீசருக்கு என் வாக்கு, தெருவில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனுக்குத்தான். நாளைக்கும் அவர் அங்கேயே இருப்பார் என்பது பெரிய உத்தரவாதம்.

நேரம் பற்றி: மாசியில் கம்பெனி ஆள் வர எனக்கு நான்கு நாள் ஆனது. சித்திரையில் பக்கத்து வீட்டுக்கு மறுநாளே வந்தார்.

5. வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

காபி போட்டுக் கொடுத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடாதீர்கள். தண்ணீர் உள்ளே போகும் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்ய இரண்டு வாளி தயாராக வையுங்கள். உள்ளே இருப்பது சுடுதண்ணீராக இருக்கலாம். பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

காயில் போய்விட்டது என்றால் மல்டிமீட்டரில் காட்டச் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள 2,000 வாட் காயில் 26 ஓம் அளவில் காட்டும். 3,000 வாட் என்றால் 17, 18. அறுந்திருந்தால் மீட்டர் எதுவும் காட்டாது. காயிலின் முனைக்கும் அதன் உலோக உடம்புக்கும் இடையே வைத்தால் தொடர்பு காட்டவே கூடாது. காட்டினால் அதுதான் ஆர்.சி.சி.பி.யைத் தள்ளும் கசிவு. இவ்வளவு தெரிந்தவர் என்று தெரிந்ததும் மெக்கானிக்கின் குரலே மாறும். நான் பார்த்தேன்.

பிறகு தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் பழைய பாகம் கழற்றப்பட வேண்டும். புதிய பாகம் அட்டைப் பெட்டியோடு, விலை அச்சிட்டு வர வேண்டும். பையிலிருந்து மொட்டையாக எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கழற்றிய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்கி வையுங்கள் (வாரண்டியில் மாற்றினால் மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்). காயிலைக் கழற்றினால் கேஸ்கெட்டும் புதிது போட வேண்டும்.

காயிலோடு ஒரு மெக்னீசியத் தண்டும் வெளியே வரும். பெயர் ஆனோடு. தொட்டி துருப்பிடிப்பதற்குப் பதிலாகத் தான் கரைந்துகொண்டே போவதுதான் அதன் வேலை. போர்வெல் தண்ணீரில் சீக்கிரம் கரைந்துவிடும். எங்கள் வீட்டில் மூன்று வருடத்தில் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. இதை மாற்ற ஆகும் சில நூறு ரூபாயைப் பார்த்தால் தொட்டி போய்விடும். உள்ளிருந்து ஒரு படி அளவுக்கு உப்பு வந்தது, பழைய சுவரிலிருந்து உரிந்த சுண்ணாம்பு போல.

இரண்டு விஷயங்களுக்கு மட்டும் என்ன சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஒன்று, ‘கட்அவுட் ஸ்டாக் இல்லை சார், இப்போதைக்கு டைரக்ட் கொடுத்துவிடுகிறேன்’ என்பது. இன்னொன்று, சொட்டுகிறது என்பதற்காகச் சேஃப்டி வால்வை அடைப்பது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, கட்அவுட்டும் இல்லாமல், வால்வும் அடைபட்டால் மூடிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும்; தொட்டி வெடிக்கும். இரண்டு மாதம் கழித்து என் கீசரைத் திறந்த கம்பெனி ஆள், முதலில் வந்தவர் கட்அவுட்டின் இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்ததைக் காட்டினார். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்ததால் தண்ணீர் கசிந்து காயிலின் முனைகளில் இறங்கியிருந்தது. ஆர்.சி.சி.பி. விழுந்தது அதனால்தான். விழுந்ததே எங்கள் அதிர்ஷ்டம்.

6. எவ்வளவு ஆகும்

இவை நான் கொடுத்ததும், அக்கம்பக்கத்தில் விசாரித்ததும், 15 லிட்டர் கீசருக்கு. ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேரம் பேச ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து பார்க்க: 300 முதல் 500 ரூபாய்.
காயில்: 600 முதல் 1,300.
தெர்மோஸ்டாட், கட்அவுட்: சேர்த்து 400 முதல் 800.
ஆனோடு: 300 முதல் 600.
சேஃப்டி வால்வு: 250 முதல் 500.
கேஸ்கெட்: 100 முதல் 200.
உப்பு நீக்கிச் சுத்தம் செய்ய: 500 முதல் 800.

கூலியைத் தனியாகக் கேட்பார்கள். 300 முதல் 500 நியாயம். ஆக, காயில் மாற்றும் முழு வேலை 2,000 ரூபாயைச் சுற்றி முடிய வேண்டும். வந்தவர் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒரு தாளை நீட்டினால், அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். அதில் காயிலும் ஆனோடும் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிட்டால் நீங்கள் வாங்குவது வெறும் சுத்தம் செய்யும் வேலை மட்டுமே.

7. முடிந்ததும் அவசரப்பட்டுச் சுவிட்சைப் போடாதீர்கள்

தொட்டி நிரம்பாமல் மின்சாரம் கொடுத்தால் புதுக் காயில் அங்கேயே கருகும். வால்வைத் திறந்து, சுடுதண்ணீர்க் குழாயையும் திறந்து வையுங்கள். காற்று புஸ் புஸ் என்று வந்து முடிந்து, தண்ணீர் சீராகக் கொட்டிய பிறகே எம்.சி.பி.யைத் தூக்குங்கள். நேரம் பாருங்கள். விளக்கு தானாக அணைகிறதா என்று பாருங்கள். அது தெர்மோஸ்டாட் வேலை செய்வதற்கான அடையாளம்.

கம்பெனி ஆள் என்றால் வேலை முடிந்ததற்கான ஒரு குறியீட்டு எண் உங்கள் போனுக்கு வரும். அதைச் சொல்லிவிட்டால் புகார் மூடப்பட்டுவிடும். ‘எனக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று அவசரப்படுத்துவார்கள். சுடுதண்ணீரைக் கையில் தொட்டுப் பார்க்காமல் எண்ணைச் சொல்லாதீர்கள். பில்லில் மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் பெயரும், புதிய பாகத்துக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்பதும் இருக்கட்டும்.

8. பழுது பார்ப்பதா, தூக்கிப் போடுவதா

தொட்டி ஓட்டை என்று கண்ணால் பார்த்துவிட்டீர்கள், வாரண்டியும் இல்லை என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. உட்புறம் கண்ணாடிப் பூச்சு உள்ள தொட்டியைப் பற்றவைத்து ஓட்ட முடியாது. கீசருக்கு எட்டு வயதாகி, செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினாலும் அப்படியே. புதிய 15 லிட்டர் கீசர் 6,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. போர்வெல் தண்ணீர் என்றால் இன்கலாய் (அரிப்பைத் தாங்கும் உலோகக் கலவை) அல்லது கண்ணாடிப் பூச்சுக் காயில் உள்ளதாகக் கேளுங்கள். ‘இலவசமாகப் பொருத்தித் தருவோம்’ என்பதில் இணைப்புக் குழாய்களும் வால்வும் அடங்காது. அதற்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். பழைய கீசரை எடைக்குக் கொடுப்பதைவிட எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், இரண்டையும் விசாரியுங்கள்.

பழுது பார்த்து வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், வருடத்துக்கு ஒரு முறை ஐப்பசியில் திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். வெப்ப அளவை 50, 55 டிகிரியில் வைத்தால் உப்பு குறைவாகப் படியும்.

9. தகராறு வந்தால்

வாரண்டி இருந்தும் பணம் கேட்கிறார்கள், அல்லது செய்த வேலை ஒரு வாரத்தில் படுத்துவிட்டது என்றால் முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில், வாரண்டி அட்டை, புகார் எண், கழற்றிய பாகத்தின் படம் ஆகியவை கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது முறை வந்த கம்பெனி ஆள், வெளியாள் திறந்த கீசர் என்று சொல்லி வாரண்டியை மறுத்தபோது நானும் புகார் எழுத உட்கார்ந்தேன். முதலில் வந்தவரின் கடைப் பெயர், பில் எண், தேதி என்று எழுத வேண்டிய இடங்களில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. போன் செய்து பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.